சமம் வந்தால் யாருக்கு வழி

மேல் வீட்டில் மறுபடியும் தரையை உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். திரையில் எங்கள் மேலாளர் பத்ரி சார் வாயசைக்கிறார், பாதி டிரில் சத்தத்தில் போய்விடுகிறது, போனால் போகட்டும், அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், இந்தச் சிப்புக்காக எல்லோரும் எவ்வளவு பாடுபட்டோம் என்று ஆரம்பிப்பார், திங்கட்கிழமை இதைத் தைவான் தொழிற்சாலைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று முடிப்பார், நடுவில் ஓரிடத்தில் சிரிப்பார், அந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கவேண்டும். என் மைக் அணைந்திருக்கிறது. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரி, இப்படித்தான் இருக்கிறேனா எப்போதும்? தளர்த்திப் பார்த்தேன், இன்னும் மோசம், அழப்போகிறவள் மாதிரி. கேமராவை அணைத்தேன். அணைத்தால் ஜெயசீலி எங்கே என்று கேட்பார். மறுபடி போட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றபோது சந்தோஷப்பட்டவள் நான்தான், மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குப் போகவேண்டாமே என்று. இப்போது பார்த்தால் நேரில் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது, நேரில் என்றால் ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்தால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் சூடு எவ்வளவு என்று சொல்கிறவர்கள், பிறகு கம்பிகளை எங்கே போட்டோம் என்று சொல்கிறவர்கள், பிறகு சிப்பை எந்தக் கூட்டில் வைப்பது என்று சொல்கிறவர்கள், கடைசியில் நான். பிறர் வரைந்ததில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சரியாக இருக்கிறது என்று நான் கையொப்பம் போட்டால்தான் சிப் போகும். போடப்போவதில்லை. அதை எப்படிச் சொல்வது என்றுதான் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, குளிக்கும்போது ஒரு விதமாக, தோசை ஊற்றும்போது ஒரு விதமாக, குளிக்கும்போது சொன்னது நன்றாக இருந்தது, அது இப்போது நினைவில் இல்லை.

நாங்கள் செய்வது ஸ்விட்ச் சிப். சுவரில் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை அத்தை என்று வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சொல்கிறேன், அத்தை வருஷா வருஷம் தலையாட்டுகிறாள். தொலைபேசிக் கம்பெனிகளின் பெரிய அறைகளில் இருக்கிற பெட்டிக்குள் இது உட்காரும். ஒரு பக்கம் நிறைய வாசல்கள், மறுபக்கம் நிறைய வாசல்கள். யாரோ பேசுகிற பேச்சும் பார்க்கிற படமும் துண்டு துண்டாக, எந்த வாசலில் வெளியேறவேண்டும் என்ற எண்ணைத் தலையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். எல்லாம் ஒரே நேரத்தில் வரும். ஒன்றையொன்று இடிக்காமல் பிரித்து அனுப்பவேண்டும், கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடையாது, கண்ணிமைக்கும் நேரம் எங்களுக்கு ஒரு யுகம். அதற்கு ஒரு வழி, முதலில் அவற்றை எண் வரிசையில் அடுக்கிவிடுவது. அடுக்குவதற்கு அங்கே மூளை எதுவும் கிடையாது. இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன ஒப்பிடும் கட்டம், சிறிய எண்ணை மேலே விடும், பெரிய எண்ணைக் கீழே விடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்படிப்பட்ட கட்டங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வரிசை வரிசையாகக் கோத்துவிட்டால், எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும் மறுமுனையில் ஒழுங்காக வந்துவிடும். கல்லூரியில் மூன்றாம் வருஷம், தேர்வுக்கு வராது என்று எல்லோரும் தள்ளிவிட்ட பக்கம் அது. ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து நான் மட்டும் படித்தேன். இப்படி ஒரு வலை எல்லா எண்களையும் சரியாக அடுக்குமா என்று அறிய எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டாமாம், வெறும் பூஜ்யத்தையும் ஒன்றையும் எல்லா விதமாகவும் கலைத்துக் கொடுத்துப் பார்த்தால் போதுமாம், அவற்றை அடுக்கிவிட்டால் உலகத்திலுள்ள எதையும் அடுக்கிவிடுமாம். அப்படியெல்லாம் இருக்குமா என்று எரிச்சலோடு படித்து, நிரூபணத்தின் கடைசி வரிக்கு வந்தபோது காதுக்குப் பின்னால் சிலிர்த்தது. சாப்பாட்டு மணி அடித்தது, நான் போகவில்லை. இதையெல்லாம் பத்ரி சாரிடம் சொல்ல முடியாது. அவர் இப்போது சிரிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அடுக்கும் வலையில் தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், பக்கத்து மேசை நிஜாம் வரைந்ததில் தப்பில்லை, பூஜ்யமும் ஒன்றும் போட்டு முழுக்கப் பார்த்தாயிற்று. தப்பு அதற்குப் பிறகு. ஒரே வாசலுக்குப் போகவேண்டிய இரண்டு துண்டுகள் ஒரே நேரத்தில் வந்தால்? அடுக்கிய பிறகு அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றைத்தான் விடமுடியும். முன்னால் நிற்பது போகும், மற்றது சுற்றி ஆரம்பத்துக்கே திரும்ப வந்து மறுபடி நுழையும். இது வரைக்கும் சரி, எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் திரும்பி வருவதன் தலையில் இது ஏற்கெனவே ஒரு முறை காத்திருந்தது என்று ஒரு அடையாளம் இருக்கவேண்டும், அடுத்த முறை இப்படி வாசல் எண் சமமாக வந்தால் பழையதுக்கு வழி கிடைக்கவேண்டும். வயது என்று அதைச் சொல்வோம். போன வருஷம் வரை எங்கள் சிப்பிலும் வயது இருந்தது. ஒவ்வொரு கட்டமும் அதையும் ஒப்பிடவேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது, சூடு ஏறுகிறது என்று பத்ரி சார் எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்? சமம் வந்தால், நுழைந்த வாசலின் எண் எதற்குச் சிறியதோ அதற்கு வழி. திரும்பி வருபவை நுழைகிற வாசல்களோ வரிசையின் கடைசியில் இருக்கின்றன. ஆக, திரும்பி வந்தது எப்போதும் தோற்கும். புதிதாக வருவது எதுவானாலும் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். கூட்டம் ஓயாத வாசலாக இருந்தால் அந்த ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், தொலைந்தும் போகாது, போய்ச் சேரவும் சேராது. சராசரித் தாமதம் எவ்வளவு என்று கேட்டால் பிரமாதமாக இருக்கும், கோடியில் ஒன்று மாட்டிக்கொள்வது சராசரியில் எங்கே தெரியும்? அந்தக் கோடியில் ஒன்றை நான் பார்த்தேன். திரையில் அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன், வருகிறது, தோற்கிறது, போகிறது, வருகிறது, தோற்கிறது. அன்று சோற்றை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எண்ணுக்காகச் சோற்றை ஆறவிடுகிற பொம்பிளை என்று என் வீட்டுக்காரர் ஐசக் சிரித்தார்.

நிஜாம் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அவன் மேசைக்குப் போய் இதைச் சொன்னபோது காதிலிருந்து ஒரு பக்கத்து ஹெட்போனை மட்டும் எடுத்தான். என் வலை சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்க மேடம் என்றான். சரிதான், ஆனால் என்று ஆரம்பித்தேன். சரின்னா சரி என்று ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டான். நான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவன், அவன் கல்யாணத்துக்கு மேலப்பாளையம் போய் வந்திருக்கிறேன், அவன் மனைவிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவள் நான். நான் என்ன அவனையா குறை சொன்னேன்? குறை என்று சொன்னேனோ? குறை என்ற வார்த்தையைச் சொன்னதாக ஞாபகம் இல்லை, ஓட்டை என்று சொன்னேன், ஓட்டை அதைவிட மோசம். செவ்வாய்க்கிழமை நான் கேன்டீனுக்குப் போனபோது அவன் எழுந்துபோனான், சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தானோ என்னவோ, தட்டைப் பார்த்திருக்கவேண்டும், நான் தட்டைப் பார்க்கவில்லை. புதன்கிழமை பத்ரி சார் அறையிலிருந்து அவன் வெளியே வந்தான், என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி போனான். அதற்குப் பிறகு நானும் பேசவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இதோ இருக்கிறான், திரையில் மூன்றாவது கட்டத்தில், பின்னால் பச்சைத் திரைச்சீலை, கண்ணைத் தாழ்த்தி எதையோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான். யாருக்கு? பத்ரி சாருக்கா? ஜெயசீலி மேடம் ஆரம்பிச்சா நான் பதில் சொல்லிக்கறேன் சார் என்றா?

என் கணக்கே தப்பாக இருந்தால்? நான் ஓட்டிய சோதனையில் கூட்டத்தை நான்தான் உண்டாக்கினேன், எந்த நேரமும் ஒரே வாசலை நோக்கி எல்லாவற்றையும் அனுப்பினேன், நிஜத்தில் அப்படி வருமா? வரும். கிரிக்கெட் நடக்கும்போது வரும். ஆனால் இடைவிடாமல் வருமா? ஒரு நொடி இடைவெளி கிடைத்தால் மாட்டிக்கொண்டது வெளியேறிவிடும். இடைவெளி கிடைக்காது, நான் இடைவெளி விட்டும் பார்த்தேன். பார்த்தேனா? வியாழக்கிழமை பார்த்தது எந்தப் பதிப்பு? நிஜாம் புதன்கிழமை மாற்றியதற்கு முந்தையதை எடுத்து ஓட்டியிருந்தால்? இல்லை, பதிப்பின் பெயரைப் படித்தேன், படித்ததாக ஞாபகம், இப்போதே அதைத் திறந்து பார்க்கலாம், திறந்தால் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் வேறெங்கோ போவது தெரியும், தெரியட்டும், திறந்தேன், சரியான பதிப்புதான். நேற்றும் இதையே திறந்து பார்த்தேன். காலையிலும் பார்த்தேன். மூடிவிட்டு இரண்டு நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி வரும், அந்தப் பதிப்புதானா. டிரில் நின்றது. ஐயோ இப்போது நிற்காதே, என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்கிறது. நின்ற சத்தம் மறுபடி பிடித்துக்கொண்டது.

ராத்திரி ஐசக்கிடம் சொன்னபோது அவர் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார், பிறகு, உன் கம்பெனியா அது, நீ எழுத்துல சொல்லிட்டேல்ல, கையெழுத்துப் போட்டுட்டுப் போ என்றார். யாராவது சாவார்களா என்றும் கேட்டார். சாகமாட்டார்கள். அதுதான் கஷ்டம், சாவார்கள் என்றால் சொல்வது சுலபம். எங்கோ ஒருவருடைய பேச்சு பாதியில் அறுந்துபோகும், மறுபடி போட்டால் கிடைக்கும், சனியன் என்று திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் யோசிப்பது அவர்களை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மதுரைக்கு அனுப்பினார்கள், அப்போது இருந்தது வேறு கம்பெனி, ஒரு ஆபீஸில் எங்கள் பெட்டி எப்போதாவது திணறுகிறது, ஏனென்று பார்த்து வா என்று. அங்கே கதிரேசன் என்று ஒருவர் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்புகளைச் சரியாகப் போடவில்லை என்று மேலதிகாரிகள் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள், கேபிளை மூன்று தடவை மாற்றிவிட்டார், மாற்றும்போதெல்லாம் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், தற்செயலாக, பிறகு மறுபடி திணறும், தான்தான் எதையோ தப்பாகச் செய்கிறோம் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் கேட்பதற்கு முன்பே, கேபிள் மாற்றிய தேதிகளை எழுதி வைத்த நோட்டை என் முன்னால் நீட்டினார். தப்பு பெட்டிக்குள் இருந்தது, வடிவமைப்பிலேயே, நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அவரை ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியைத் திருத்திக் கொடுத்தார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று நான் எழுதினேன், அது வாடிக்கையாளர் விஷயம் நீ தலையிடாதே என்று பதில் வந்தது. இந்தச் சிப் பதினைந்து வருஷம் பெட்டிகளுக்குள் உட்காரும். ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். அதை ஐசக்கிடம் சொன்னேன். அவர் தட்டை ஒதுக்கிவிட்டு, சரி, உன் இஷ்டம், ஆனா கத்தாம சொல்லு என்றார். நான் எப்போது கத்தினேன் என்று கத்தினேன்.

சிப்பின் கூட்டைப் பற்றிப் பேசுகிறவர் முடிக்கமாட்டேன் என்கிறார். படத்துக்குப் பின் படமாக வருகிறது. அடுத்தது நான் என்று மைக்கின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன், பத்ரி சார் நடுவில் புகுந்து வேறொருவரை அழைத்தார், எடுத்தேன், அவர் முடிக்கிற மாதிரி இருந்தது, வைத்தேன், கடைசியா ஒரே ஒரு விஷயம் என்றார், எடுத்தேன். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது. சொல்லவேண்டியதை அடுக்கிப் பார்க்கிறேன், முதலில் வலை சரி என்பது, பிறகு சமம் வந்தால் என்ன ஆகிறது என்பது, பிறகு வயதைத் திரும்பச் சேர்த்தால் எவ்வளவு தள்ளிப்போகும் என்பது, பிறகு, போன வருஷம் எடுக்கவேண்டாம் என்று நான் சொன்னேன் சார், நீங்கள் கேட்கவில்லை என்பது. கடைசியைச் சொல்லக்கூடாது. கட்டாயம் சொல்லிவிடுவேன். போன தடவை பதவி உயர்வு தராதபோது ஜெயசீலி நல்லா வேலை செய்வாங்க, ஆனா கூட வேலை செய்றது கஷ்டம் என்று சார் சொன்னாராம், அதை எனக்குச் சொன்னது யார், சொன்னவர் பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், மனசுக்குள் சொல்வதிலும் அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், பைத்தியக்காரி. கஷ்டம்தான் சார். நான் கஷ்டமாக இருப்பதற்குத்தான் சம்பளம் தருகிறீர்கள். இதையும் சொல்லக்கூடாது. நிஜாம் இன்னும் தட்டச்சு செய்கிறான். தலையைத் தூக்கினால் என்னவாம், ஒரு தடவை, நான் இங்கே இருக்கிறேன்.

“ஜெயசீலி, உங்க பக்கம் எல்லாம் முடிஞ்சுது இல்லையா?” என்றார் பத்ரி சார். மைக்கைத் திறந்தேன், டிரில் கூடவே வந்தது, என்ன சத்தம் என்று யாரோ முகம் சுளித்தார்கள். முடியவில்லை என்றேன். நான் நினைத்ததைவிடச் சின்னக் குரலில் வந்தது. வலை சரி என்றேன், சமம் என்றேன், சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றேன், அடுக்கி வைத்திருந்ததெல்லாம் இடம் மாறி வந்தது, சொல்லவேண்டியது முன்னால் வராமல் வேண்டாதது முன்னால் வந்தது. பத்ரி சார் பொறுமையாகக் கேட்டார், அவருடைய பொறுமையைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. கோடியில் ஒன்று, அதுவும் செயற்கையான கூட்டத்தில், மேலே இருக்கிற மென்பொருள் அதை மறுபடி அனுப்பிக்கொள்ளும், இதற்காக இரண்டு மாதம் தள்ளிப்போட முடியாது என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். மென்பொருள் மறுபடி அனுப்புவதும் அதே வாசலுக்குத்தானே வரும், கூட்டம் இன்னும் கூடுமே என்று நான் சொன்னது டிரில்லில் போயிற்று. திரும்பச் சொன்னேன். அப்போதும் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது, அழுகை இல்லை, எரிச்சல், எனக்கு எரிச்சல் வந்தால் கண்ணில்தான் வரும், யாரும் அதை நம்புவதில்லை. “நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்றேன். அது மட்டும் எல்லோருக்கும் கேட்டது, அந்த நேரம் பார்த்து டிரில் நின்றிருந்தது. பத்ரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சரி, உங்க மனசாட்சிக்கு விரோதமா கேக்கல, உங்க கையெழுத்துக்கு விலக்கு எழுதிடலாம், அதுல வடிவமைச்சவர் போட்டா விதி ஒத்துக்கும், நிஜாம் போட்டுடுவார் என்றார். இதுதான், இதைத்தான் புதன்கிழமை பேசி வைத்தார்கள். நிஜாம் போடுவான், சிப் போகும், நான் கஷ்டமானவளாக இங்கேயே இருப்பேன்.

நிஜாம் தலையைத் தூக்கினான். மைக்கைத் திறக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “நானும் போட மாட்டேன் சார்” என்றான். “மேடம் சொன்ன பிறகு நான் தனியா ஓட்டிப் பார்த்தேன். அவங்க மாதிரி கூட்டம் கட்டல, நம்ம வாடிக்கையாளர் கொடுத்த, நிஜமா நடந்த கூட்டத்தோட பழைய பதிவையே எடுத்து ஓட்டினேன். அதுலயும் மாட்டுது. புதன்கிழமை உங்ககிட்ட சொன்னேன், நீங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம்னீங்க.” அவன் அனுப்பிய கோப்பு எல்லோருடைய திரையிலும் வந்து விழுந்தது, அவன் இவ்வளவு நேரமும் தட்டச்சு செய்தது அதைத்தான் போலிருக்கிறது, நான் திறந்தேன், என் சோதனைப் படத்தைவிட மோசமான படம் அதில் இருந்தது. ஒன்றில்லை, பல துண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. பத்ரி சார் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, என் பெயரை எடுக்காமல், வயசைத் திரும்பச் சேர்த்தால் எத்தனை வாரம் என்று கேட்டார், நிஜாம் ஏதோ சொன்னான், திங்கட்கிழமை அனுப்பவில்லை என்று நான் மேலே சொல்லிக்கொள்கிறேன் என்றார், அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. போன வருஷம் வேண்டாம் என்று நான் சொன்னதை யாருமே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவு தூரம் தயார் செய்த பேச்சு முழுக்க உள்ளேயே கிடக்கிறது, யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது? ஜெயித்தால் இப்படியா இருக்கும்? எழுந்து தண்ணீர் குடித்தேன், அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, புதன்கிழமையே தெரியுமா இவனுக்கு, புதன்கிழமையே தெரிந்து, வியாழக்கிழமை முழுக்க நான் பதிப்பு சரியா பதிப்பு சரியா என்று செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தானா என்று ஆத்திரம் பொங்கியது, அவனைத்தான் இப்போது திட்டவேண்டும் போல் இருந்தது. போன் அடித்தது. நிஜாம்.

எடுத்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், வணக்கம் சொல்லக்கூட விடவில்லை. சார் சொல்ல வேண்டாம்னார் மேடம் என்றான். அவர் சொன்னா, நாலு வருஷம் பக்கத்துல உட்கார்ந்தவள்கிட்ட சொல்லக்கூடாதா என்றேன். திங்கட்கிழமை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, வேறு ஏதோ வேலையில் தலை காய்ந்திருந்தது, அன்று சாயங்காலமே உங்கள் சோதனையைத் திறந்து பார்த்துவிட்டேன் என்றான். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“சொல்லலாம்னு வந்தேன் மேடம். செவ்வாய்க்கிழமையும் வந்தேன், நேத்தும் வந்தேன். நீங்க திரும்பவே இல்ல. உங்க முகத்தைப் பார்த்தா பயமா இருந்துச்சு.”

மேல் வீட்டில் உடைத்த கல்லை வாரிக் கொட்டுகிற சத்தம் கேட்டது. வயசுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம் மேடம் என்று கேட்டான். முழுசா வேண்டாம், பழசா புதுசான்னு தெரிஞ்சா போதும், முதல்ல அதுக்குப் பாரு என்றேன். சரி என்றான். போனை வைக்காமலே அவன் வாசல் எண்களைப் படிக்க ஆரம்பித்தான், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.